துப்பாக்கியைப் பத்திப் பேசுறீங்க, தோட்டாவைப் பத்தி ஒருத்தரும் பேசலையே

காட்டுப்பன்னியைச் சுடலாமா கூடாதான்னு டவுன்ல ஒரு சண்டை வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருக்கு. ஒரு பக்கம் 'விவசாயி கையில துப்பாக்கியைக் கொடுங்க'ங்கிற கூட்டம். இன்னொரு பக்கம் 'உயிரைக் கொல்ல லைசென்ஸா, அடப் பாவிகளா'ங்கிற கூட்டம். ரெண்டு பேரும் எங்களுக்காகத்தான் பேசுறதா சொல்லிக்கிறாங்க. ஆனா ரெண்டு பக்கமும் துப்பாக்கின்னா என்னமோ சினிமாவுல வர்ற சாமான் மாதிரியே பேசுறாங்க. எடுத்தான், சுட்டான், விழுந்துச்சு. அவ்வளவுதான்.

அப்படி இல்லைங்க. துப்பாக்கிங்கிறது வெறும் இரும்புக் குழாய். வேலை செய்யறது அதுக்குள்ள போடுற தோட்டா. எந்தத் தோட்டா, எத்தனை தோட்டா, அதை எங்கே வச்சிருந்தீங்க, இந்த மூணையும் கேக்காம துப்பாக்கி வேணும் வேண்டாம்னு கத்துறது, என்ன விதைன்னு கேக்காம மகசூலைப் பத்திச் சண்டை போடுற மாதிரி.

நான் யாருன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். சத்தியமங்கலம் மலையடிவாரத்துல நாலு ஏக்கர். மக்காச்சோளம், மரவள்ளி, கொஞ்சம் வாழை. பத்தாவது வரைக்கும் படிச்சவன். எங்கப்பா பேர்ல இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, பன்னெண்டு போர், அவர் காலத்துக்கு அப்புறம் முறையா லைசென்ஸ் மாத்தி என்கிட்ட இருக்கு. (எங்க பக்கம் 'காடு'ன்னா மானாவாரி நிலத்தையும் சொல்லுவோம். அதனால புலி, யானை இருக்கிற காட்டை இங்கே வனம்னே எழுதறேன். குழப்பம் வேண்டாம்.)

முதல்ல 'வேலி போடுங்களேன்'னு சொல்றவங்களுக்கு. போட்டாச்சுங்க. சேலை வேலி கட்டினோம். முடி வெட்டுற கடையில இருந்து மூட்டை மூட்டையா முடி வாங்கி வரப்புல போட்டோம். நைலான் வலை கட்டினோம். பத்து நாள் பன்னி யோசிக்கும், பதினோராவது நாள் சேலையை முட்டிக்கிட்டு உள்ளே வந்துரும். ஒரு தாய்ப்பன்னி ஒரு ஈத்துக்கு நாலு, ஆறுன்னு குட்டி போடும். ராத்திரி ரெண்டு மணிக்கு இருபது பன்னி மரவள்ளிக்குள்ள இறங்குச்சுன்னா விடியும்போது அது உழுத காடு மாதிரி இருக்கும்.

அப்ப சனம் என்ன பண்ணுது? சட்டம் துப்பாக்கியைப் பூட்டி வச்சா ஜனம் சும்மா இருந்துரும்னு நினைக்காதீங்க. அவுட்டுக்காய் வைக்கிறான். தீனிக்குள்ள நாட்டு வெடியை ஒளிச்சு வைக்கிறது. பன்னி கடிக்கும், வாய் சிதறும். அதே காயை மாடு கடிக்கும், நாய் கடிக்கும், யானையும் கடிக்கும். வாய் கிழிஞ்ச யானை தின்ன முடியாம நாள்கணக்கா நின்னு சாகும். இன்னொருத்தன் கம்பி இழுத்து நேரடியா கரண்ட் விடுறான். 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி இழுத்த கம்பியில மூணு யானை செத்துச்சு. ரெண்டு குட்டி தாயைச் சுத்திச் சுத்தி நின்னதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. அந்தக் கம்பி யானைக்குப் போட்டதில்லை, பன்னிக்குப் போட்டது. 'சுடாதே'ன்னு சொல்றவங்க இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

சரி, சுடுங்கன்னு சொல்றவங்க பக்கம் வருவோம். உங்க மேலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல 13ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னு படிச்சிருக்கீங்களா? பயிர்ப் பாதுகாப்புன்னு கேட்டா முதல்ல அது தரச் சொல்றது, குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டி, இடிச்சு, கெட்டிச்சுச் சுடுற துப்பாக்கியை. லைசென்ஸ் புக்குல எஸ்.பி.எம்.எல்.னு போட்டிருக்கும். அது போதாதுன்னு அதிகாரிக்குத் திருப்தி வந்தாத்தான் தோட்டா போடுற வழுவழுக் குழல் துப்பாக்கி. அதாவது பன்னியோட மோதப் போறவனுக்கு, இருக்கிறதுலயே மோசமான சாமான்தான் முதல் உரிமை. அதுல ஒரு வெடிதான். அடுத்ததுக்கு மறுபடி கரிமருந்து, நார், ரவை, இடிகம்பின்னு ஒரு நிமிஷம் தடவணும், அதுவும் இருட்டுல. கரிமருந்துக்குப் பனி ஆகாது. மார்கழி ராத்திரியில பாதி நேரம் 'புஸ்'ஸுன்னு போயிரும். அளவும் கை அளவுதான். ஒருத்தன் கூடப் போட்டுக் குழலை வெடிக்க வைப்பான், இன்னொருத்தன் குறையப் போட்டுப் பன்னிக்கு முதுகு சொறிஞ்சு விடுவான். இதைத் தூக்கித் தராசுல வைக்கிற தட்டான் மாதிரி அளந்து போடுறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா சட்டம் தட்டானுக்கு மட்டும் எழுதுறதில்லையே.

இப்ப தோட்டாவுக்கு வர்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

பன்னெண்டு போர்னா, அந்தக் குழலுக்குச் சரியா உக்கார்ற ஈயக் குண்டு பன்னெண்டு சேர்ந்தா ஒரு ராத்தல் எடை. அங்கிருந்து வந்த பேர். ஆனா வாங்குற தோட்டாவுக்குள்ள ஒத்தைக் குண்டு இருக்கணும்னு இல்ல. பெரும்பாலும் ரவைதான் இருக்கும். நெம்பர் கூடக் கூட ரவை சிறுசு. ஆறாம் நெம்பர்னா கடுகை விடக் கொஞ்சம் பெருசு, நூத்துக்கணக்குல இருக்கும். அது பறவைக்குன்னு வந்த ரவை. எல்.ஜி., எஸ்.ஜி.ன்னு எழுத்துல வர்றது பெரிய குண்டு, விரல் விட்டு எண்ணிரலாம். ஒத்தைக் குண்டுத் தோட்டா தனி.

ஆண் பன்னிக்குத் தோள்பட்டையில கேடயம் மாதிரி ஒரு தடிச்ச தோல் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு தந்தத்தால குத்திச் சண்டை போடுறதுக்காகவே வளர்ற தோல். அதுல ஆறாம் நெம்பர் ரவையை நாப்பது மீட்டர்ல இருந்து அடிச்சா என்ன ஆகும்? தோலுக்கடியில ரவை தங்கும். பன்னி ஓடிரும். சீழ் வைக்கும், புழு வைக்கும், ஒரு வாரமோ பத்து நாளோ கழிச்சு எங்கேயாவது ஓடையில சாகும். அதுக்கு முன்னாடி யார் எதிர்ல வந்தாலும் கிழிக்கும். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் கையில கிடைச்ச ரவைத் தோட்டாவைப் போட்டு ராத்திரி சுட்டுட்டு, 'ஓடிருச்சு, இனி வராது'ன்னு படுத்துட்டார். மறுநாள் காலையில ஆடு மேய்க்கப் போன ஒரு அம்மா புதர் ஓரம் போனப்ப அடிபட்ட பன்னி பாய்ஞ்சுது. தொடையில எலும்பு தெரிஞ்சுது. அந்தம்மா இன்னைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறாங்க. சுட்டவர் கெட்டவர் இல்ல. கடையில பெரிய குண்டுத் தோட்டா இல்லைன்னாங்க, இருந்ததை வாங்கிட்டு வந்தார். அது எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு அவருக்குச் சொல்ல ஒரு நாதி இல்ல. லைசென்ஸ் கொடுத்த இடத்துல நிலப் பட்டா கேட்டாங்க, போலீஸ் அறிக்கை கேட்டாங்க. தோட்டாவைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது.

'அப்ப ரைபிள் கொடுத்துடலாமே'ம்பீங்க. நம்ம அரசாங்கத் தொழிற்சாலையே .315 ரைபிள் செய்யுது. பட்டாளத்து .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தத் தனி அளவு வந்துச்சு. நுனி மெதுவான குண்டு, எடை கிட்டத்தட்ட 16 கிராம். சரியான இடத்துல பட்டா எந்தப் பன்னியும் நிக்காது. ஆனா படலைன்னா? ரவை நூறு மீட்டர்ல சோர்ந்துரும், ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்குல போகும். எங்க ஊர்ல தோட்டத்துக்குத் தோட்டம் வீடு. ராத்திரி தண்ணி கட்ட ஆள் நடக்கும். சமதரையில நின்னு ரைபிள் சுடுறவன் என் பக்கத்துத் தோட்டத்துல வேண்டாம். பரண் மேல உக்காந்து, குண்டு மண்ணுல போய் இறங்குற மாதிரி கீழ்நோக்கிச் சுடத் தெரிஞ்சவன் கையில மட்டும்தான் அது இருக்கணும். வானத்தைப் பார்த்து 'சும்மா விரட்ட' ஒரு ரைபிள் வெடி போடுறவனை நான் முட்டாள்னே சொல்லுவேன். மேல போனது எங்கேயோ யார் கூரையிலயோ இறங்கும். விரட்டுறதுக்குப் பட்டாசு போதும்.

சில தம்பிங்க .22 ரைபிளைப் பத்திக் கேக்கிறாங்க. சத்தம் கம்மி, தோட்டா மலிவுன்னு. அது அட்டையில ஓட்டை போடப் பழகுறதுக்கு. பன்னி மேல அதைச் சுட்டா ரவையால சுட்ட அதே கதைதான். ஆனா மனுஷன் மேல பட்டா ஒரு மைல் தள்ளியும் ஆபத்துன்னு டப்பாவுலயே எச்சரிக்கை போடுறாங்க. பன்னிக்குப் பத்தாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பத்தும்.

அடுத்தது, மொத்தமா வாங்கி அடுக்குறது. அமெரிக்காக்காரன் வீடியோ போடுறான். இரும்புப் பெட்டி பெட்டியா ஆயிரம் ரவுண்டு, அஞ்சாயிரம் ரவுண்டு, கல்யாண வீட்டு அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வச்சிருக்கான். அதைப் பார்த்துட்டு 'நம்ம விவசாயிக்கு ஏன் இந்த உரிமை இல்ல'ன்னு ஒரு கூட்டம் இங்கே பொங்குது. எதுக்குங்க? அவன் வாரா வாரம் சுட்டுப் பழகுறான், ஒரே நாள்ல இருநூறு தீரும். போட்டிக்குப் போறவங்க ஒரே லாட்டுல வந்த தோட்டாவைச் சோதிச்சுப் பார்த்து மொத்தமா வாங்குவாங்க, லாட்டு மாறினா குறி மாறும். நம்ம நாட்டுலயும் போட்டி வீரர்களுக்கு ஆயிரக்கணக்குல வாங்க விதி இருக்கு, நியாயம்தான். எனக்கு வருஷத்துக்கு இருபது போதும். அந்த இருபதும் சரியான இருபதா இருக்கணும், அதுல பாதி பழகுறதுக்குப் போகணும். எங்க லைசென்ஸ்ல ஒரு நேரத்துல எத்தனை வச்சுக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம்னு எழுதியிருக்கு. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நான் கேக்க மாட்டேன். வீட்டுல அடுக்கி வச்ச தோட்டா பழசாகும், கை மாறும், திருடு போகும். காணாமப் போன ஒரு தோட்டா யாரைத் தேடிப் போகும்னு யாருக்குத் தெரியும்?

வச்சுக்கிற இருபதையாவது ஒழுங்கா வைக்கிறோமான்னா அதுவும் இல்ல. விவசாயி வீட்டுல பத்திரமான இடம்னா எது? மாட்டுக் கொட்டாய்க்கு மேல பரண். இல்லைன்னா யூரியா மூட்டை அடுக்கின ரூம். தோட்டாவுக்கு அதை விட மோசமான இடம் உலகத்துல இல்ல. வெள்ளைக்காரன் பட்டாளம் இந்தியாவுல மழைக்காலத்துல குதிரை லாயத்துல தோட்டாவை அடுக்கி வச்சான். எடுத்துப் பார்த்தா பித்தளைக் கூடெல்லாம் நெடுக்க விரிசல். ஒருத்தனும் தொடல, தட்டல, தானா வெடிச்ச மாதிரி இருந்துச்சு. குதிரை மூத்திரத்துல இருந்து கிளம்புற அமோனியாதான் காரணம்னு பிற்பாடு கண்டுபிடிச்சாங்க. மாட்டு மூத்திரமும் அதே சங்கதிதான். ஈரம் பட்ட யூரியாவும் அதே நெடியைத்தான் கிளப்பும். விரிசல் விட்ட கூட்டைப் போட்டுச் சுட்டா சூடான புகை பின்னால கண்ணுக்கு வரும்.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில வச்சா சித்திரை வெயில்ல உள்ள மருந்து கெடும். எங்கப்பா காலத்து ஆளுங்க தோல் பெல்ட்டுல வரிசையாச் சொருகி ஆணியில மாட்டி வைப்பாங்க, பார்க்க ஜமீன் மாதிரி கம்பீரமா இருக்கும். தோல்ல இருக்கிற பதப் பொருள் பித்தளையில பச்சை ஏத்தும். அட்டைக் கூட்டுத் தோட்டா ஐப்பசி மழையில உப்பி, குழல்லயே நுழையாது. இன்னும் சிலர் துரு பிடிக்காம இருக்கட்டும்னு எண்ணெய் தடவுறாங்க. எண்ணெய் கசிஞ்சு கேப்புக்குள்ள இறங்கினா தோட்டா செத்துப் போச்சு. வாங்கின அட்டை டப்பாவுலயே விட்டு, ரப்பர் மூடி இருக்கிற எவர்சில்வர் டப்பாவுல வச்சு, செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா பொட்டலம், அதுல நாலைப் போட்டு, வீட்டுக்குள்ளயே இருட்டான குளிர்ச்சியான இடத்துல பூட்டி வச்சாப் போதும். துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா வேற பூட்டு. பழைய விதையை முதல்ல போடுற மாதிரி பழைய டப்பாவை முதல்ல தீர்க்கணும். இதுக்கு என்ன செலவு ஆகிடும்?

கலந்து வைக்கிறதும் இன்னொரு கேடு. இருபது போர் தோட்டா பன்னெண்டு போரை விடச் சிறுசு. இருட்டுல தெரியாமப் போட்டா வழுக்கி உள்ளே போய்க் குழலுக்குள்ள சிக்கிக்கும். வெடிக்கலையேன்னு பின்னாடியே பன்னெண்டு போரைப் போட்டுச் சுட்டா குழல் கிழிஞ்சு கை போயிரும். அண்ணன் தம்பி ரெண்டு பேர் ரெண்டு அளவுத் துப்பாக்கி வச்சு, தோட்டாவை ஒரே டப்பாவுல போட்டு வச்சிருக்கிற வீடு எனக்குத் தெரியும். போன தடவை போனப்ப நானே பிரிச்சு வேற வேற டப்பாவுல போட்டுட்டு வந்தேன். அதே மாதிரி, விசையை இழுத்தும் வெடிக்கலைன்னா உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் காட்டி ஒரு நிமிஷம் அப்படியே நிக்கணும். ஈரம் பட்ட தோட்டா சில நேரம் தாமசமா வெடிக்கும். இதெல்லாம் லைசென்ஸ் புக்குல எங்கே எழுதியிருக்கு, சொல்லுங்க?

சட்டத்துக்கே இன்னும் ஒரு கூத்து இருக்கு. ஒரு சட்டம் பயிரைக் காப்பாத்தத் துப்பாக்கி தருது. இன்னொரு சட்டம், 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம், அனுமதி இல்லாம பன்னி மேல சுட்டா உள்ளே போடுது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் பன்னி ரெண்டாம் அட்டவணையில இருக்கு. கேரளாவுல 2022ல ஊராட்சித் தலைவரே அனுமதி கொடுக்கலாம், லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க சுடலாம்னு வழி பண்ணினாங்க. நம்ம அரசு 2025 ஜனவரியில சொன்னது வேற. வனத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் கொண்டு போய் விடணும், மூணுக்கு அப்பால வனத்துறைக்காரங்க சுடுவாங்க. என் தோட்டம் ஒன்றரை கிலோமீட்டர். பன்னிக்கு மைல் கல் படிக்கத் தெரியாதுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். சுடுறவங்க பயிற்சி எடுத்த ஆளா இருக்கணும்னு சொன்னாங்களே, அது மட்டும் சரி. அதை நான் ஒத்துக்கிறேன்.

தேர்தல் வந்தா இன்னும் வேடிக்கை. 2024 மார்ச் 16ல தேதி அறிவிச்சாங்க, ஜூன் 4ல எண்ணினாங்க. நடுவுல எண்பது நாள். பெரும்பாலான லைசென்ஸ்காரங்க துப்பாக்கியைக் கொண்டு போய் ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வந்தோம். பேங்க் காவலாளிக்கு விலக்கு உண்டு, பயிருக்குக் கேட்டா சிரிக்கிறாங்க. திருப்பி வாங்கும்போது துப்பாக்கி நெம்பரைச் சரி பார்க்கிறாங்க, கூடக் கொடுத்த தோட்டா எந்த மூலையில, எந்த ஈரத்துல கிடந்துச்சுன்னு யாரும் பார்க்கிறதில்ல. நான் அந்தத் தோட்டாவைப் பன்னிக்கு நம்புறதில்ல, தனியா எடுத்து வச்சிடறேன்.

எனக்கு வேண்டியது நாலு ஏக்கர்காரன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு துப்பாக்கி இல்ல. ஊராட்சிக்கு மூணு பேர் போதும். லைசென்ஸ் இருக்கிறவங்க, குடிக்காதவங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போய்க் குறி காட்டித் தேறினவங்க. வாயில மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக் கணக்குல இருந்து எடுத்துருங்க. பெரிய குண்டுத் தோட்டா மட்டும், எண்ணிக் கொடுங்க, எண்ணி வாங்குங்க. அதை வைக்க ஊராட்சி ஆபீஸ்ல ஒரு இரும்பு அலமாரி, ரெண்டு சாவி. எங்க மாரியம்மன் நகைப் பெட்டிக்கு அப்படித்தான் ரெண்டு சாவி, ரெண்டு பேர் வந்தாத்தான் திறக்கும். இத்தனை வருஷத்துல ஒரு மூக்குத்தி குறையல.

இதையேதான் இந்த மாசம் கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துல மனுவா கொடுக்கப் போறேன். எங்க ஊர்க்காரங்க பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் ரைபிள் கிளப்புல சுட்டுப் பழகுறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க. தோட்டா எதுவும் கொண்டு வர வேண்டாம். எது எதுக்கு ஆகும், எப்படி வைக்கணும்னு எங்க ஆளுங்ககிட்ட ரெண்டு மணி நேரம் பேசினாப் போதும். மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல.